ஏற்காட்டில் ஜெம்பேயும் ராப்பும்: இரண்டு நாள் பயிலரங்கு எப்படி இருக்கிறது?

ஜெம்பே என்ற ஆப்பிரிக்கத் தோல் கருவி, ஹிப் ஹாப், அரசியல் ராப் மூன்றையும் ஒரே சனி, ஞாயிறில் சொல்லித்தருவதாக அறிவித்து, ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட பங்களாவில் இந்தப் பயிலரங்கை நடத்துகிறார்கள். ஆளுக்கு 5,500 ரூபாய். தங்குமிடம், சாப்பாடு, வாத்தியம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு குழுவுக்கு 18 பேர். சென்னையிலும் பெங்களூரிலும் மட்டும் நடந்துகொண்டிருந்த இந்த மாதிரிப் பயிற்சி சேலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் கிடைப்பது உண்மையிலேயே நல்ல விஷயம். தாளம் கற்கவும் பாட்டு எழுதிப் பழகவும் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆப்பிரிக்க வரலாற்றைத் தெரிந்துகொள்ளப் போகிறவர்கள் மட்டும் அங்கே கையில் கொடுக்கும் எட்டுப் பக்கக் கையேட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. எந்த ஊர்த் தாளம், யாருடையது, எதற்காக அடித்தார்கள் என்று சொல்லித்தந்த இடங்களிலெல்லாம் பயிலரங்கு பலமாக இருக்கிறது. ‘ஆப்பிரிக்கா’ என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிய இடங்களில் சறுக்குகிறது.

முதல் பலம் வாத்தியங்கள். பலாக்கட்டையில் கடைந்த பெரிய ஜெம்பே பத்து இருக்கிறது. வாய் 12 முதல் 13 அங்குலம், உயரம் 24 அங்குலம், ஆட்டுத்தோல், மூன்று இரும்பு வளையம், 5 மி.மீ. பாலியஸ்டர் கயிறு. வண்ணம் பூசிய சின்ன மகோகனி ஜெம்பே ஐந்து. ஃபைபர் உடலும் செயற்கைத் தோலும் கொண்டவை மூன்று. போனதும் பலாக்கட்டை ஜெம்பேயைப் பிடித்துக்கொள்ளுங்கள். 10 அங்குல வாய் உள்ள சின்னதில் பேஸ் என்னும் அடி ஒலி எழும்பாது. டோன் என்னும் உருண்ட ஒலிக்கும் ஸ்லாப் என்னும் கூர் ஒலிக்கும் வித்தியாசம் கேட்காது. கற்கிறவருக்குத் தன் கை சரியாக விழுகிறதா இல்லையா என்றே தெரியாது.

எடுத்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, விளிம்பு. கட்டையின் வாய் வெளிப்பக்கமாக உருட்டி இழைக்கப்பட்டிருக்க வேண்டும். கூராக விட்டிருந்தால் அரை மணி நேரத்தில் விரலின் அடிக்கணு கன்றிவிடும். இன்னொன்று, தோலில் ஆட்டின் முதுகெலும்புக் கோடு நடுவாக ஓடுகிறதா என்பது. அது ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தால் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் ஆகி, வலது கைக்கு ஒரு சுருதி, இடது கைக்கு ஒரு சுருதி என்று கேட்கும். அங்கிருந்த பத்தில் இரண்டு அப்படித்தான் இருந்தன. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளான கினியிலும் மாலியிலும் லெங்கே போன்ற அடர்த்தியான மரத்தில் கடைவார்கள். பலா அதைவிட இலேசு, அதனால் ஸ்லாப்பின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். கற்பதற்கு அது ஒரு குறையே இல்லை.

இந்தப் பயிலரங்கில் வேறெங்கும் சொல்லித்தராத ஒரு பாடம் மூடுபனியால் கிடைக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் பனி இறங்கினால் ஆட்டுத்தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். ஏழு மணிக்கு அடித்தால் பத்து ஜெம்பேயும் ‘பொத் பொத்’தென்று ஒரே சத்தம்தான். புதிதாக வாங்கியவர்கள் இந்த நேரத்தில்தான் கயிற்றை இழுக்கத் தொடங்குவார்கள். அங்கே இருக்கும் மேள ஆசிரியர் அதை அனுமதிப்பதில்லை. காரணம் எளிது. ஈரத் தோலை மலையில் இழுத்துக் கட்டிவிட்டு, அதே ஜெம்பேயை மதியம் காரில் வைத்துச் சேலத்து வெயிலுக்கு இறக்கினால், தோல் காய்ந்து இன்னும் சுருங்கும். ஏற்கெனவே இழுபட்டு நிற்கிற தோலுக்குப் போக இடமில்லை. விளிம்பு ஓரமாக ஒரு கோடு விழுந்து, அடிக்காமலேயே கிழிந்துவிடும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வைத்த ஜெம்பேக்கு இது அடிக்கடி நேர்கிறது.

அவர் செய்யச் சொன்னது: எல்லா ஜெம்பேயையும் முற்றத்தில் வெயில் விழும் இடத்தில் சாய்த்து வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் தட்டிப் பார்ப்பது. பதினைந்து, இருபது நிமிடத்தில் சுருதி ஏறிவிடும். வெயில் இல்லாத நாளில் கனல் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி, தோலை நெருப்புப் பக்கம் காட்டி, சுற்றிச் சுற்றித் திருப்பிக் காய்ச்ச வேண்டும். கையை வைத்தால் சுடாத தூரம்தான் தோலுக்கும் தூரம். சேலம் பக்கத்திலிருந்து வந்திருந்த பறைக் கலைஞர் அதே அடுப்பில் தன் பறையையும் காய்ச்சிக்கொண்டே, கன்றுத்தோலுக்கும் ஆட்டுத்தோலுக்கும் சூடு பிடிக்கும் நேரம் எப்படி வேறுபடும் என்று விளக்கினார். இரண்டு நாளில் ஒரு பாடத்தைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இந்த அரை மணி நேரத்தை வைத்துக்கொள்ளலாம்.

பனி விலகி, தோல் காய்ந்த பிறகும் சுருதி குறைவாக இருந்தால் மட்டுமே கயிறு. கிடைக்கயிற்றின் நுனியை அடுத்த இரண்டு செங்குத்துக் கயிறுகளுக்கு அடியில் நுழைத்து, ஒன்றின் மேல் திருப்பி, மறுபடி அடியில் கொடுத்து இழுத்தால் இரண்டும் குறுக்கே மாறி ஒரு வைர முடிச்சு விழும். வெறுங்கையால் இழுக்கக் கூடாது, கயிறு விரலை அறுத்துவிடும். ஒரு அடி நீளக் குச்சியில் கயிற்றைச் சுற்றி, ஜெம்பேயைப் படுக்கவைத்து, வயிற்றுப் பகுதியில் பாதத்தை முட்டுக் கொடுத்து இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முடிச்சு போதும். ஆசையில் ஒரே மூச்சில் ஒரு வரிசையையே முடித்தால் வளையம் ஒரு பக்கம் இறங்கிச் சாய்ந்துவிடும், அப்புறம் மொத்தக் கயிற்றையும் அவிழ்க்க வேண்டியதுதான்.

கைப் பாடத்திலும் அவர் அவசரப்படவில்லை. மோதிரத்தைக் கழற்றச் சொல்லி, ஜெம்பேயை முன்பக்கம் சாய்த்து அடிவாய் திறந்திருக்கும்படி வைக்கச் சொன்னார். நேராகத் தரையில் நிறுத்தினால் காற்று வெளியேற வழியில்லாமல் பேஸ் அமுங்கிப்போகும். பேஸுக்கு உள்ளங்கை நடுத்தோலில் விழுந்து உடனே எழும்ப வேண்டும். டோனுக்கு விரல்கள் ஒட்டி, அடிக்கணு விளிம்பின் மேல். ஸ்லாப்புக்கும் கை விழும் இடம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் விரல்கள் தளர்ந்து சற்றே விரிந்து, நுனி மட்டும் தோலைச் சொடுக்கும். புதியவர்கள் எல்லோரும் ஸ்லாப்புக்குப் பலத்தைக் கூட்டுகிறார்கள். பலம் கூடினால் கை இறுகும், இறுகினால் விரல் தோலோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் மேல் ஒலி செத்துவிடும். கையைத் தளர்த்தினால் பாதி பலத்திலேயே ஸ்லாப் வெடிக்கும்.

மெச்ச வேண்டிய இன்னொன்று, டுனுன் என்னும் உருளை மேளங்கள். பல இடங்களில் ‘டிரம் சர்க்கிள்’ என்று வட்டமாக உட்காரவைத்து, ஜெம்பேயை மட்டும் கொடுத்து, ஆளாளுக்குத் தட்டச் சொல்லிவிடுவார்கள். இங்கே கென்கெனி, சங்பன், டுனுன்பா என்று சின்னது, நடு, பெரியது மூன்றும் வைத்திருக்கிறார்கள். இருபுறமும் மாட்டுத்தோல், ஒரு கையில் குச்சி, மறு கையில் மணி. மன்டிங் (மாலி, கினி பக்கத்து மக்கள்) இசையில் பாட்டின் முதுகெலும்பே இந்த மூன்றும் சேர்ந்து பின்னும் மெட்டுதான், குறிப்பாக சங்பன். ஜெம்பே அதன் மேல் பேசும். ஒவ்வொருவரையும் கொஞ்ச நேரம் டுனுனில் நிற்க வைக்கிறார்கள். மணியையும் குச்சியையும் பிரித்து அடிப்பது தவிலில் இரு கையும் வேறு வேலை செய்வதைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது.

கற்றுத்தந்த தாளங்கள் மூன்று. கூக்கு, கினியின் காட்டுப் பகுதியிலிருந்து வருவது. மீன் பிடித்துத் திரும்பும் பெண்களின் ஆட்டத்துக்கானது. கஸ்ஸா, வயல் வேலைக்கானது; அறுவடை செய்கிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று அடிப்பது. இரண்டும் சதுஸ்ர நடை, நான்கு நான்காக எண்ணுவது, தொடங்குவதற்கு ஏற்றவை. மூன்றாவது ஜோலே. இதை நேராக ஜெம்பேத் தாளமாகவே சொல்லித்தந்துவிட்டார்கள். சியரா லியோனும் கினியும் சேரும் கரையோரத்தில் இதை முதலில் வாசித்தது சிக்கோ என்ற சதுரச் சட்டப் பறைகளில். அதை ஒரு வரி சொல்லியிருந்தால், அறையிலேயே நின்றிருந்த நம்ம ஊர்ப் பறைக்காரரோடு அந்தத் தாளம் நேராகக் கைகோத்திருக்கும். சோலி, டுனுன்பா (மேளத்தின் பெயரேதான்) போன்ற, அடிக்கு மூன்றாகப் பிரியும் திஸ்ர நடை 12/8 தாளம் ஒன்றையாவது சேர்த்திருக்கலாம். திஸ்ரத்துக்கும் சதுஸ்ரத்துக்கும் நடுவே ஊசலாடுவதுதான் மன்டிங் இசையின் உயிர். கர்நாடகத் தாளம் கொஞ்சம் தெரிந்தவர்கள் இங்கே கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி கையேடு. கனமாகத் திருத்த வேண்டியது இதைத்தான்.

‘ஆப்பிரிக்கக் கதைசொல்லிகளான க்ரியோக்கள் ஜெம்பேயை முழக்கி வரலாறு சொன்னார்கள், அதுவே கப்பலேறிப் பிராங்க்ஸில் ராப் ஆனது’ என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். (பிராங்க்ஸ், ஹிப் ஹாப் பிறந்த நியூயார்க் பகுதி.) கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கண்ணியும் தவறு. மன்டிங் சமூகத்தில் வரலாறும் வம்சாவளியும் பாடும் ஜெலிகளின் (க்ரியோக்களுக்கு அங்கே அதுதான் பெயர்) கருவிகள் கோரா, ங்கோனி என்னும் நரம்புக் கருவிகளும், மரக்கட்டைகளைத் தட்டி இசைக்கும் பாலாஃபோனும். ஜெம்பே மரபாக நூமு என்னும் கொல்லர் வகுப்போடு சேர்த்துச் சொல்லப்படுவது. சுன்ஜாத்தா கெய்த்தா 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய கதையை ஜெலிகள்தான் வாய்மொழியாகக் காத்துவந்தார்கள். அந்தக் கதையோடு சேர்ந்த சோசோ-பாலா என்ற பழைய பாலாஃபோனை கினியில் நியாகசோலா ஊரில் இன்றும் ஒரு குடும்பம் பாதுகாத்துவருகிறது. 2001-இல் யுனெஸ்கோ அதை மனிதகுல மரபுச் செல்வமாக அறிவித்தது. இப்படி ஒரு உண்மை கையில் இருக்கும்போது கற்பனை எதற்கு?

கப்பல் கதையும் அப்படித்தான். வட அமெரிக்கக் காலனிகள் பலவற்றில் அடிமைகளாக்கப்பட்டவர்களின் மேளங்கள் தடை செய்யப்பட்டன. தென் கரோலினாவில் 1739-இல் ஸ்டோனோ கிளர்ச்சியில் மேளம் கொட்டி ஆள் திரட்டினார்கள். அடுத்த ஆண்டே அங்கே வந்த அடிமைச் சட்டம் மேளத்தையும் ஊதுகொம்பையும் விலக்கியது. ஹிப் ஹாப்புக்கு நேரடியாக வந்து சேர்ந்த வழி, பெரிய ஸ்பீக்கர் வைத்து ரிக்கார்டு போடும் ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம். 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் தங்கை சிண்டி நடத்திய பார்ட்டிக்கு ரிக்கார்டு போட்ட கூல் ஹெர்க், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். ஆப்பிரிக்க நினைவு ஹிப் ஹாப்பில் உண்டு. அது தேடி எடுத்துச் சூடிக்கொண்ட நினைவு. ஹிப் ஹாப் முன்னோடி டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டா தனக்கு வைத்துக்கொண்ட பெயர், 1906-இல் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் தலைவரிக்கு எதிராக எழுந்த ஜூலுத் தலைவர் பம்பாத்தாவைச் சுட்டுவது. அந்தக் கலகத்தைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரி இல்லை. அதற்குப் பதில் எகிப்துப் பிரமிடு, ஜூலுக் கேடயம், கானாவின் கெந்தே துணி மூன்றும் ஒரே படத்தில். அந்த மூன்று ஊருக்கும் நடுவே இருக்கிற தூரம் நம் நாட்டின் நீளத்தைவிட அதிகம்.

கையேட்டில் இடமில்லாமல் போன ஒரு கதை ஜெம்பேக்குள்ளேயே இருக்கிறது. இந்தக் கருவியை உலக மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கினியின் ஃபோதேபா கெய்த்தா. அவர் 1950களின் தொடக்கத்தில் பாரிஸில் உருவாக்கிய லே பாலே ஆஃப்ரிகேன் குழு, 1958-இல் கினி பிரான்ஸுக்கு ‘வேண்டாம்’ என்று வாக்களித்து விடுதலை பெற்றபின் தேசியக் குழுவானது. அவர் முதல் அதிபர் செக்கு தூரே அரசில் அமைச்சரும் ஆனார். அதே அரசு சதிக் குற்றம் சுமத்தி 1969-இல் கேம்ப் புவாரோ சிறையில் அவரைக் கொன்றது. மேளமும் அரசியலும் தனித்தனி என்று நினைத்து வருகிற மாணவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை ராப் வகுப்புக்கு முன்னால் சொல்ல வேண்டிய கதை இது.

நமக்குப் பக்கத்துக் கதையும் விடுபட்டிருக்கிறது. எத்தியோப்பியாவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு அகமதுநகரின் படைத்தலைவராக உயர்ந்து, 1626-இல் மறைந்த மாலிக் அம்பர். இன்றும் வட கர்நாடகக் காடுகளை ஒட்டி வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள். ஆப்பிரிக்கா நமக்கு வெகு தூரத்து விஷயம் இல்லை என்று காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது.

மதிய வேளை, டிஜே ரிக்கார்டு சுழற்றும் டர்ன்டேபிள். இரண்டு இருந்தன, ஒன்று டைரக்ட் டிரைவ் (மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றுவது), மற்றொன்று பெல்ட் டிரைவ். பெல்ட் உள்ளதில் ரிக்கார்டைப் பின்னுக்கு இழுத்தால் பெல்ட் வழுக்கி, விட்டதும் வேகம் பிடிக்கத் திணறும். ஒவ்வொரு முறையும் முதல் அடி நழுவிப்போகும். மாணவர்கள் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். நேரத்தை வீணாக்காமல் டைரக்ட் டிரைவுக்கு வரிசையில் நில்லுங்கள். டெக்னிக்ஸ் கம்பெனியின் எஸ்எல்-1200 வகை 1972-இல் வந்து, 1979-இன் எம்கே2-வில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடர் சேர்ந்தபின் டிஜேக்களின் கருவியாக நிலைத்ததற்கு அந்த மோட்டார்தான் காரணம்.

பாடம் நன்றாகவே இருந்தது. ஒரே ரிக்கார்டின் இரண்டு பிரதி, ஒன்று ஓடும்போது மற்றொன்றைப் பின்னால் திருப்பி பிரேக்கை, அதாவது தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை, நீட்டுவது. இதை நிதானமாகக் கணக்கோடு சொல்லித்தந்தார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்று 1.8 விநாடி. 100 பிபிஎம்-இல் (நிமிடத்துக்கு 100 அடி) நாலு அடி கொண்ட ஒரு பார் 2.4 விநாடி. ஆக, ஒரு பார் பின்னே போக ஒன்றேகால் சுற்றுக்கும் கொஞ்சம் கூட, சரியாக 1⅓ சுற்று. லேபிளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, கடிகார முள்ளைப் பார்ப்பதுபோல் எண்ணிக்கொண்டால் காதில் ஹெட்போன் இல்லாமலே இடம் பிடிக்கலாம். பிராங்க்ஸின் ஆரம்பகால டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் கிரேயானால் ரிக்கார்டில் குறி போட்டதும் இதற்காகத்தான். ஊசிப் பாரம் 3 முதல் 4 கிராம் வைத்திருந்தார்கள், சரி. ஸ்பீக்கரில் ஓயாமல் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. டர்ன்டேபிளின் எர்த் கம்பியை மிக்சரின் பின்னால் உள்ள திருகில் மாட்டாமல் விட்டதால் வருவது அது. ஒரு நிமிட வேலை, யாரும் செய்யவில்லை.

பிரேக்கிங் என்னும் ஹிப் ஹாப் ஆட்ட வகுப்பைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டாப்ராக், சிக்ஸ் ஸ்டெப், ஒரு பேபி ஃப்ரீஸ் என்ற ஆரம்ப அசைவுகள் வரை போகிறார்கள். தரைதான் கவலை. பழைய பங்களாவின் ரெட் ஆக்ஸைடு தரை பனியில் வியர்த்து வழுக்குகிறது. 12 மி.மீ. பிளைவுட் நான்கு ஷீட் போட்டுவிட்டால் தீர்ந்துவிடும். அதுவரை முட்டிக்கு உறையும், அடிப்பாகம் தட்டையான ஷூவும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமையின் ராப் வகுப்புதான் இந்தப் பயிலரங்கின் மணிமகுடம். செனகலில் ஷுமானும் கெய்தியும் 2013-இல் தொடங்கிய ‘ஜூர்னால் ரப்பே’ என்ற ராப் செய்தி நிகழ்ச்சியை மாதிரியாக எடுத்திருக்கிறார்கள். ஒருவர் பிரெஞ்சில், மற்றவர் வோலோஃப் மொழியில், வாரச் செய்தியை ராப்பாகவே வாசிப்பார்கள். செனகல் தேர்ந்தெடுத்தது பொருத்தம். 2011 ஜனவரியில், ஓயாத மின்வெட்டில் வெறுத்துப்போன ராப் பாடகர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து ‘யான் ஆ மார்’ (‘போதும், சலித்துவிட்டது’) இயக்கத்தை அங்கே தொடங்கினார்கள். அதிபர் அப்துலாயே வாத், வாக்குகளில் 25 சதவீதம் இருந்தாலே முதல் சுற்றில் ஜெயிக்கும்படி அரசியல் சட்டத்தைத் திருத்தப் பார்த்தபோது, அந்த ஆண்டு ஜூன் 23 அன்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். மசோதா திரும்பப் பெறப்பட்டது. இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் வேலையையும் இந்த இயக்கம் கையில் எடுத்தது. 2012 தேர்தலில் வாத் தோற்றார். தலைநகர் டக்காரில் அவர் எழுப்பிய 49 மீட்டர் வெண்கலச் சிலையும் பாட்டுக்குக் கிடைத்த பொருள்தான். வடகொரிய நிறுவனம் கட்டியது, 2010-இல் திறந்தது. யோசனை தன்னுடையது என்பதால் சுற்றுலா வருமானத்தில் 35 சதவீதம் தனக்கு என்றார் அதிபர்.

ராப் ஆசிரியர் எழுதப் பழகக் கொடுத்தது தென்னாப்பிரிக்காவின் என்கண்ட்லா ஊழல். அன்றைய அதிபர் ஜேக்கப் ஜூமாவின் சொந்த ஊர் வீட்டில் பாதுகாப்பு ஏற்பாடு என்ற பெயரில் 24.6 கோடி ராண்ட் அரசுப் பணம் போனதாக 2014-இல் மக்கள் பாதுகாவலர் தூலி மடோன்செலா அறிக்கை தந்தார். நீச்சல் குளம், மாட்டுத் தொழுவம், கோழிக் கூடு, பார்வையாளர் மையம். நீச்சல் குளத்தைத் தீயணைக்கத் தண்ணீர் தேக்கும் குளம் என்று அரசு விளக்கியது. 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்ல, 78 லட்சம் ராண்ட் கட்டினார். மாணவர்கள் முதலில் எழுதியதெல்லாம் ‘ஊழல், நாசம், ஏழை வயிறு’ என்று பொதுவாகத்தான் இருந்தது. ஆசிரியர் எல்லா அடைமொழிகளையும் அடித்துவிட்டு, ‘கோழிக் கூட்டை எழுதுங்கள், தொகையை எழுதுங்கள், தேதியை எழுதுங்கள்’ என்றார். அதன் பிறகு வந்த வரிகள் கேட்கும்படி இருந்தன. பொதுவாகத் திட்டுகிற பாட்டை எந்த அரசியல்வாதியும் கைதட்டிக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். தொகையும் தேதியும் உள்ள பாட்டுதான் உறுத்தும்.

மொசாம்பிக்கையும் அடுத்த முறை சேர்க்க வேண்டும். மீன்பிடிக் கப்பல் பெயரில் 2013, 2014-இல் ரகசியமாக வாங்கிய ஏறத்தாழ 200 கோடி டாலர் கடன் அந்த நாட்டையே சாய்த்தது. அன்றைய நிதியமைச்சர் மனுவேல் சாங் 2024-இல் நியூயார்க்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்த நாட்டில் அதிகாரத்தைப் பெயர் சொல்லிக் கேட்ட ராப் பாடகர் அசகாயா 2023 மார்ச்சில் இறந்தபோது, அவருக்காக நடந்த ஊர்வலங்களைப் போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டுக் கலைத்தது.

எழுத்து நுட்பத்தில் ஆசிரியர் சொன்னவை பொன். 90 பிபிஎம்-இல் 16 பார் என்றால் 64 அடி, ஏறத்தாழ 43 விநாடி. அதற்குள் ஒரே ஒரு செய்திதான் அடங்கும், இரண்டைத் திணிக்கக் கூடாது. ஆங்கில ராப்பைக் கேட்டுப் பழகியவர்கள் வரி முடிவில் ஓசை சேர்ப்பதையே பிடித்துக்கொள்கிறார்கள். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் ‘தின்கிறான், செல்கிறான், சொல்கிறான்’ என்று இயைபு தானாக வந்து விழும். தானாக வருவதால் காதில் நிற்காது. எதுகையைப் பாரின் முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும் வையுங்கள், மோனையைக் குரல் எடுக்கும் இடத்தில் வையுங்கள், வரியைப் பெயர்ச்சொல்லிலோ தொகையிலோ முடியுங்கள் என்றார். ‘குளம் என்றான் தீயணைக்க / வளம் எல்லாம் வீட்டினுள்ளே’ என்று ஒரு கல்லூரிப் பெண் எழுதியதை வைத்தே, ‘ளம்’ எங்கே விழுகிறது என்று கைதட்டிக் காட்டினார். நான்காம் அடிக்குப் பின் கால் அடி மூச்சுக்கு விடாவிட்டால் எட்டாவது பாரில் குரல் தேய்ந்துவிடும். தமிழ்ச் சொல் நீளமானது. ஒரு பாருக்கு 12 எழுத்தைத் தாண்டினாலே நாக்கு தடுக்கத் தொடங்கும். வேண்டுமானால் ஒற்றெழுத்தைக் கணக்கில் விட்டுவிடலாம்.

கடைசிப் பயிற்சி உள்ளூர்ச் செய்தி. இங்கே ஒரு எச்சரிக்கையை இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். கேள்விப்பட்டதை வைத்துப் பெயர் சொல்லிப் பாடினால் பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் அவதூறு வழக்கு வரும். தணிக்கை அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு, டெண்டர் அறிவிப்பு போன்ற எழுத்து ஆவணம் கையில் இருக்கட்டும். இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘இந்தச் சாலையை ஏன் போட்டார்கள்’ என்று கேட்டால் பதில் வராது. ‘இந்தச் சாலைக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, பணி முடிந்த தேதி, ஒப்பந்ததாரர் பெயர், அளவுப் புத்தக நகல்’ என்று ஆவணமாகக் கேட்டால் வரும். அந்தப் பதிலே பாதிப் பாட்டு.

சாப்பாடு வீட்டுச் சமையல், குறையில்லை. மாலையில் தட்டுவடை செட் போட்டார்கள். குளிக்க வெந்நீர் காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. அறைக்கு நான்கு பேர். பெண்களுக்குத் தனி அறைகள், தனிப் பொறுப்பாளர்.

போகிறவர்கள் மே மாதக் கோடை விழா வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நின்று, முதல் வகுப்பே கைவிட்டுப்போகும். சொந்த ஜெம்பே கொண்டுபோனால் தோல் மேல் ஒரு பருத்தித் துண்டு விரித்து உறையில் போடுங்கள். திரும்பும்போது அடிவாரம் இறங்குவதற்கு முன் கடைசியாகப் போட்ட இரண்டு முடிச்சைத் தளர்த்திவிடுங்கள். பணம் கட்டும் முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆளுக்கொரு பெரிய ஜெம்பே உண்டா, பெல்ட் டர்ன்டேபிளை மாற்றிவிட்டீர்களா, கையேட்டைத் திருத்தி அச்சடித்தாயிற்றா. மூன்றாவதுக்கு ‘இல்லை’ என்றால், கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு தாளத்துக்கும் எந்த ஊர், யார் அடித்தது, எதற்காக என்று மேள ஆசிரியரிடமே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார்.